சிறைக்குப் போன புழுக்கள்

முன்னொரு காலத்தில், நினைத்தது உடனே நடக்காவிட்டால் மகுடத்தைக் கழற்றி மெத்தையில் வீசும் அரசர் ஒருவர் இருந்தார். அண்டை நாட்டு விருந்துக்குப் போனவர், அங்கே தோட்டம் நிறைய வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான், தூக்கம் போயிற்று.

"வசந்த விழாவன்று நம் தோட்டத்திலும் வண்ணத்துப்பூச்சிகள் பறக்க வேண்டும். இல்லையேல் தோட்டக்காரி நாட்டை விட்டே போக வேண்டும்" என்று உத்தரவு பிறந்தது.

தோட்டக்காரி பேச்சி எலுமிச்சை நட்டாள், எருக்கு நட்டாள், இடையிடையே செவ்வந்தி வைத்தாள். செடிகள் தழைத்தன. கூடவே புழுக்கள் வந்து இலைகளைச் சல்லடையாக்கின.

பேச்சியை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அரசவை விகடகவி கூத்தப்பர். அவரைக் கண்டாலே தளவாய் திருமலையப்பருக்கு வயிறு எரியும். தளவாய் விழுந்து விழுந்து கதை சொன்னாலும் சிரிக்காத அரசர், கூத்தப்பர் தும்மினாலே சிரிப்பார். எரியாதா பின்னே?

தளவாய் அரசரையும் சபையோரையும் தோட்டத்துக்கு அழைத்து வந்தார்.

"பாருங்கள் மகாராஜா! விகடகவி கொண்டுவந்த ஆள் புழுப் பண்ணை வைத்திருக்கிறாள்!"

அரசர் முகம் சுளித்தார். "எல்லாவற்றையும் நசுக்குங்கள்!"

"சாமி, விழாவுக்குப் பூச்சி வரலேன்னா புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று பேச்சி அழுதாள்.

கூத்தப்பர் செடிகளுக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார்.

"நசுக்க விடமாட்டேன், மகாராஜா."

"என்ன சொன்னீர்?" என்றார் அரசர்.

"அரண்மனை வாசலில் தாங்கள் கல்லில் வெட்டிவைத்த ஆணையைத்தான் சொல்கிறேன். 'விசாரிக்காமல் எந்த உயிரையும் கொல்லலாகாது.' புழுவுக்கு உயிர் இல்லை என்று தளவாய் சொல்லட்டும், விலகிக்கொள்கிறேன்."

தளவாய் அரசரைத் திரும்பிப் பார்த்தார். அரசருக்கோ கோபம் தலைக்கேறியது. ஆனால் சொந்த ஆணையை நாலு பேர் முன்னால் எப்படி மீறுவது?

"சரி, புழுக்களைச் சிறையில் அடையுங்கள். விழாவன்று விசாரணை. அன்று வண்ணத்துப்பூச்சி இல்லையென்றால் பேச்சியோடு நீரும் மூட்டை கட்டலாம்!"

தோட்டத்தை ஒட்டிய சிறையில் ஓர் அறை புழுக்களுக்கு ஒதுக்கப்பட்டது. கைதிக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்று சொல்லி, கூத்தப்பர் தினமும் பச்சைக் கிளைகளைத் தோளில் சுமந்து போனார். காவலர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

பிறகு புழுக்கள் தின்பதை நிறுத்தின. கூடு கட்டிக்கொண்டு அசையாமல் தொங்கின. செய்தி கேட்ட தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை. 'கைதிகள் செத்தன! கூத்தப்பன் தொலைந்தான்!'

விழா நாள் வந்தது. தோட்டத்தில் பூக்கள் குலுங்கின, ஒரு பூச்சிகூட இல்லை. பேச்சி மூட்டையோடு நின்றாள்.

"மகாராஜா, விகடகவி கைதிகளைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார். இதோ, நானே காட்டுகிறேன்!" என்று தளவாய் ஓடிப்போய்ச் சிறைக்கதவை இழுத்துத் திறந்தார்.

மஞ்சளும் கறுப்பும் ஆரஞ்சுமாக வண்ணத்துப்பூச்சிகள் அவர் தலைப்பாகையை உரசிக்கொண்டு வெளியே வந்தன. நேரே பூக்களுக்குப் பறந்தன.

"ஐயோ, கைதிகள் எங்கே?" என்று தளவாய் அலறினார்.

"தாங்கள்தானே விடுதலை செய்தீர்கள்! அதோ, தேன் குடிக்கின்றன" என்றார் கூத்தப்பர். பிறகு அரசரிடம் திரும்பினார். "வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்றீர்கள். அதன் பிள்ளைகளை நசுக்கச் சொன்னீர்கள். மறித்தவன் நான். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள். பேச்சி எங்கும் போகமாட்டாள்."

அரசர் தோட்டத்தைப் பார்த்தார், தளவாயைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"என் ஆணையாலேயே என் கையைக் கட்டிவிட்டீரே!" என்று தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பருக்குப் போட்டார். பேச்சிக்குத் தோட்டத்தையே பொறுப்பாக ஒப்படைத்தார். "வேறென்ன வேண்டும், கேளும்."

"இனி வரும் புழுக்களுக்கு இலை பறித்துப் போட நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும், மகாராஜா."

மறுநாள் காலை, தளவாய் திருமலையப்பர் கூடையோடு எலுமிச்சைச் செடியருகே நின்றார். மேல்மாடத்திலிருந்து அரசரின் சிரிப்பு கேட்டது.

பேச்சி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா, எல்லாம் முத்தலாப் பறிச்சிருக்கீக? கொட்டிட்டுத் தளிராப் பறிச்சுட்டு வாங்க!"