சுருட்டி வைத்த சிறகு

ஒரு காட்டில், எருக்கஞ்செடியின் இலைமேல் வரியாள் என்றொரு புழு இருந்தாள். பொழுது விடிந்தால் தீனி, பொழுது அடைந்தால் தூக்கம்.

அவள் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு நீளமான நூல். எப்படி மெல்லுவது, எப்படி நடப்பது, எப்படிச் சிறகு வளர்ப்பது, எல்லாம் அந்த நூலில்தான் இருந்தன. அதைக் காத்தவள் சுருட்டி என்னும் புரதம். வேண்டிய பகுதியைத் தளர்த்துவாள். வேண்டாததை இறுக்கிச் சுருட்டி வைப்பாள். எந்த இழை எங்கே அவிழ்ந்துவிடுமோ என்று அவளுக்கு ஓயாத கவலை.

ஒருநாள் வம்புக்கார வெட்டுக்கிளி வந்தான்.

"என்னடி வரியாளே, எனக்குச் சிறகு இருக்கிறது. உன்னுடையது எங்கே?"

"எனக்கும் உண்டாம். சுருட்டி உள்ளே வைத்திருக்கிறாள்."

வெட்டுக்கிளி விழுந்து விழுந்து சிரித்தான். "பெயரே சுருட்டி! உன் சிறகைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாளடி!"

வரியாளுக்குச் சுருக்கென்றது.

"சுருட்டி! என் சிறகைத் திருடினாயா?"

"திருடவில்லை, கண்ணு. பத்திரமாய்ச் சுருட்டித்தான் வைத்திருக்கிறேன்."

"இப்போதே அவிழ். இல்லாவிட்டால் ஒரு வாய் தின்னமாட்டேன்!"

சுருட்டி தவித்தாள். பட்டினி கிடந்து செத்துவிட்டால்? மனம் கேளாமல் சிறகுப் பகுதியைக் கொஞ்சம் தளர்த்தினாள். அது தளர, மெல்லும் பகுதியும் நடக்கும் பகுதியும் தாமாக இறுகிக்கொண்டன.

அவ்வளவுதான். வரியாளின் முதுகு வீங்கியது. தாடை மரத்தது. கால்கள் துவண்டன. அந்த நேரம் பார்த்து ஓணான் ஒன்று கிளையேறி வந்தது. வெட்டுக்கிளி ஒரே தாவலில் பறந்துவிட்டான்.

"சுருட்டி, காலே எழவில்லையே!"

"இதோ, இதோ!" சுருட்டி சிறகுப் பகுதியை வாரிச் சுருட்டினாள், நடக்கும் பகுதியைத் தளர்த்தினாள். ஓணான் நாக்கை நீட்டுவதற்குள் வரியாள் இலைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

அதன்பின் அவள் அடம்பிடிக்காமல் தின்றாள். தின்று கொழுத்து, தோலுரித்து, கூட்டுப்புழுவாகத் தலைகீழாய்த் தொங்கினாள்.

"இப்போது சரி" என்றாள் சுருட்டி. மெல்லும் பகுதியை மடக்கினாள். சிறகுப் பகுதியை முழுக்க அவிழ்த்தாள்.

கூட்டைப் பிளந்து செம்மஞ்சள் சிறகோடு வெளியே வந்தாள் வரியாள். வெட்டுக்கிளி வாயைப் பிளந்தான்.

"அடேயப்பா! சுருட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளா?"

"எடுத்திருந்தால்தானே கொடுப்பதற்கு!" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள் வரியாள்.

நீதி: வேளை வரும்வரை நமக்காகப் பொத்தி வைப்பவரை, பறித்துக்கொண்டவர் என்று பழிக்கக் கூடாது.