குழாயடியில் லூர்து

நஸ்ரின் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். அவளிடம் வேலை கற்க வந்த தெய்வானை அவளைவிட மூத்தவள். நஸ்ரின் அவளை அக்கா என்பாள். தெய்வானை நஸ்ரினை டீச்சர் என்பாள்.

தெய்வானைக்குக் கை சும்மா இருக்காது. கெட்ட எதையும் அப்படியே விட்டுவைக்க அவளால் முடியாது.

ஒருநாள் காலை, நஸ்ரின் வெளி வேலையாகப் போயிருந்தபோது, சேசுராஜ் என்பவர் தன் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். மூடிப்போன நூற்பாலையில் வேலை பார்த்தவர். மில்லின் லைன் வீடுகளை இடித்து இப்போது அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் இருந்த காலத்தில் அவர் எடுத்த படங்களெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

“எல்லாப் படத்துலயும் கோடு கோடா விழுதும்மா. மத்தது போனாப் போகுது. குழாயடில லூர்து நிக்கிற படம் மட்டும் வேணும்.”

லூர்து அவர் மனைவி. போன வருஷம் இறந்துபோனாள்.

“அவங்களுக்கு வேற போட்டோ இல்லையாண்ணே?”

“இருக்கு. எல்லாம் கல்யாண வீட்ல, கோயில்ல எடுத்தது. பவுடரைப் பூசிக்கிட்டு விறைப்பா நிப்பா. அது யாரோ. குழாயடில நிக்கிறவதான் அவ.”

கோடு விழுந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தெய்வானை அந்தப் படத்தைத் திறந்தாள். மேல்பாதி நன்றாக இருந்தது. சுருட்டை முடி, சுருங்கிய புருவம், யாரையோ திட்டுவதற்குத் திறந்த வாய். கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். இப்போது முகம் கோடுகளாகிவிட்டது. கீழே நிரம்பி வழிகிற பிளாஸ்டிக் குடமும், இடுப்பில் செருகிய சேலையும், அடிக்க ஓங்கிய கையும் தெரிந்தன.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. நேரம் ஆக ஆகக் கெட்டுக்கொண்டே போகிறதே. பழுதான படங்களைச் சரிசெய்கிற புரோகிராமைப் போட்டாள். அவர் கேட்டதாயிற்றே என்று முதலில் லூர்துவைக் கொடுத்தாள். ‘சரிசெய்யப்பட்டது’ என்று வந்தது. திறந்தால் படம் முழுவதும் சாம்பல்.

நஸ்ரின் வந்தாள். தெய்வானை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஒரு தடவை மூஞ்சி நல்லா இருந்துச்சு, இன்னொரு தடவை குடம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களா?”

“ஆமா டீச்சர்.”

“படம் அழுகியிருந்தா ஒரே இடத்துலதானக்கா அழுகியிருக்கணும்?”



நஸ்ரின் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். டிஸ்கைக் கழற்றினாள். மூலையில் கிடந்த வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு கோடு இல்லை. ஓட்டு மேல் காயும் வடகம். சங்கு ஊதியதும் சைக்கிளோடு கேட்டை முட்டுகிற கூட்டம். தகரக் கதவில் சாக்பீஸில் வரைந்த ஸ்டம்ப். ஒரே டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுக் குடும்பங்கள்.

“டிஸ்க்ல எல்லாம் முழுசாத்தான் இருந்திருக்கு. அதுல இருக்கறதைப் படிச்சுக் கொண்டாந்து குடுக்கிற கன்ட்ரோலர்தான் கெட்டிருக்கு. தடவைக்கு ஒரு மாதிரி மாத்திக் குடுத்திருக்கு.”

“அப்ப லூர்து?”

நஸ்ரின் அந்தப் படத்தைத் திறந்தாள். சாம்பல்தான்.

“சரிபண்ணச் சொன்னீங்கல்ல. அந்தப் புரோகிராம், கன்ட்ரோலர் குடுத்த தப்பை நிஜம்னு நம்பி, அதையே நிஜத்து மேல எழுதிருச்சு.”

“திரும்ப எடுக்க முடியாதா டீச்சர்?”

“முடியாதுக்கா.”

தெய்வானை வாசலுக்குப் போனாள். தன்னால்தான் அந்தப் படம் போனது என்று சேசுராஜிடம் சொன்னாள். அவர் உள்ளே வந்து மற்ற படங்களைப் பார்த்தார். சைக்கிள் கூட்டத்தில் ஒருவனைக் காட்டி, “இந்தப் பய எனக்கு இன்னும் ஒரு பரோட்டா வாங்கித் தரணும்” என்றார். தானே சிரித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கடைசியாப் பார்த்தது நீதானம்மா. எப்படி இருந்தா?”

தெய்வானை அந்தச் சாம்பல் படத்தைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு இனி எதைக் கொடுப்பது?

“லட்சுமிகரமா இருந்தாங்கண்ணே. உங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நின்னாங்க.”

சேசுராஜ் துடைப்பதை நிறுத்தினார்.

“சிரிச்சாளா? அந்த நேரத்துலயா?”

“ஆமாண்ணே. வாய் நிறைய.”

“தண்ணி வர்ற நேரத்துல போட்டோ என்ன போட்டோன்னு அவ என்னையக் கிழிச்சாளே…” அவர் யோசித்தார். கண்ணாடியை மெல்ல மாட்டினார். “சிரிச்சிருப்பா போல. எனக்குத்தான் மறந்துபோச்சு.”

நஸ்ரின் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, நீங்க பார்த்ததையாவது சரிபண்ணாமக் குடுங்க.”