நாப்பத்தியோராம் நாளு வந்த வார்த்தை

"ஏனுங்க, இந்தப் புள்ள எப்பத்தான் தமிழ் பேசும்?"

கேட்டவரு குமரகுருபரன். வயசு அம்பத்தொண்ணு. சின்னப் புள்ளைக வேத்து மொழிய எப்படிக் கத்துக்குதுன்னு ஏழு வருசமா ஆராய்ச்சி பண்றாரு. முடிச்சா பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாம். ஊசி போடாத டாக்டர்.

கேட்டது செங்கமலத்துகிட்ட. திருப்பூருப் பக்கம் ஒரு பால்வாடில ஆயா. வயசு முப்பத்திமூணு. எந்த ஊருப் புள்ளையும் அவகிட்ட வந்தா மூணே மாசத்துல தமிழ்ல வாயாடும்னு பேச்சு. அந்த வித்தையத் தனக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லி வந்து உக்காந்தவருதான். இன்னிக்கு நாப்பத்தியோரு நாளு. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தா மலையேறி எறங்கியிருக்கலாம்.

புள்ள பேரு மாயா. நாலு வயசு. அப்பன் பனியன் கம்பெனி வாட்ச்மேனு, நேபாளத்துக்காரரு.

மாயா சொல்ற மொதத் தமிழ் வார்த்தை என்ன, அது எப்படி வந்துச்சு. அத எழுதுனாத்தான் ஆராய்ச்சி முடியும். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள கோயமுத்தூர்ல குடுக்கணும். குடுக்கலைன்னா ஏழு வருசமும் அம்பேல்.

பன்னண்டு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ்ஸு இல்ல.

மணி பதினொண்ணேகால்.

"நீங்க என்ன கேட்டீங்க புள்ளைகிட்ட?"ன்னா செங்கமலம், கீரை ஆய்ஞ்சுக்கிட்டே.

"தெனமும் படத்தக் காட்டி இது என்னன்னு கேக்கறேனுங்க. பசு மாடு. குடை."

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"என்னதுங்க?"

"அது பசு மாடுன்னு."

"தெரியுமுங்களே."

"தெரிஞ்சதையே தெனமும் கேக்கற மனுசன்கிட்ட யாருங்க சார் வாயக் குடுப்பா?"

குமரகுருபரன் வாட்ச்சப் பாத்தாரு. பேனாவத் தொறந்தாரு. மூடுனாரு.

"அப்ப நான் என்னதாங்க பண்ணட்டும்?"

"கீழ உக்காருங்க. புள்ளைகளோட."

"உக்காந்து?"

"உக்காருங்க சார். அதுக்கும் விதிமுறை வேணுமாக்கும்."

உக்காந்தாரு. பேண்ட்டு மடிப்புக் கலையாம உக்காந்தாரு. கண்ணு வாட்ச்சுல, மனசு பஸ் ஸ்டாப்புல. காலு மட்டும் தையல் மிசின மிதிக்கிற மாதிரி ஆடிக்கிட்டே இருந்துச்சு.

மாயா அவரு பக்கத்துல மூணு கல்ல வெச்சு அடுப்புக் கூட்டுச்சு. செரட்டைல மண்ணள்ளி மேல வெச்சுது. பூவரச எலையக் கிள்ளிப் போட்டுச்சு. வெந்திருச்சான்னு மோந்து பாத்துச்சு. ஒரு எலைல சோத்தப் போட்டு அவரு முன்னால தள்ளுச்சு.

அவரு பாக்கல. முள்ளு பன்னண்டப் பாத்து நகருதே.

ஆடுன காலு அடுப்புல பட்டுச்சு. செரட்டை கவுந்துச்சு. சோறெல்லாம் மண்ணாப் போச்சு.

மாயா கவுந்த செரட்டையப் பாத்துச்சு. அவரப் பாத்துச்சு.

சுண்டு வெரல மோவாயில வெச்சு எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு.

"காய்."

குமரகுருபரன் துள்ளி எந்திரிச்சாரு. நோட்ட எடுத்தாரு. பதினொண்ணு அம்பத்தெட்டுன்னு எழுதுனாரு.

"வந்துருச்சுங்க, வந்துருச்சு" செங்கமலத்துகிட்ட ஓடுனாரு. "மொத வார்த்தை. காய்."

"யாருகிட்டச் சொல்லுச்சு?"

"எங்கிட்டத்தானுங்க."

"உங்களோட பேச மாட்டேன்னு காய் விட்டிருக்குது."

"ஆமாங்க. தெளிவாச் சொல்லுச்சு."

செங்கமலம் கீரைய வெச்சுட்டு அவர ஏற எறங்கப் பாத்தா.

"ஏனுங்க சார், சின்னதுல உங்களோட யாருமே காய் விட்டதில்லீங்களா?"

"விட்டிருக்காங்க."

"அப்ப என்ன பண்ணுனீங்க? எழுதி வெச்சீங்களா?"

அவரு நோட்ட மூடுனாரு.

பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டு முக்குத் திரும்பி வந்துச்சு.

"போங்க, வேலைதான் முடிஞ்சுதே"ன்னு அவ மறுபடியும் கீரைய எடுத்தா.

குமரகுருபரன் வாசல் வரைக்கும் போனாரு. நின்னாரு. பஸ்ஸப் பாத்தாரு, புள்ளையப் பாத்தாரு.

மாயா கல்லப் பொறுக்கிக்கிட்டிருந்துச்சு. அவருக்கு முதுகக் காட்டித்தான்.

திரும்பி வந்து புள்ளைக்கு எதுத்தாப்புல மண்ணுலயே உக்காந்தாரு. மடிப்பு போனாப் போகுது. ரெண்டு வெரல நீட்டுனாரு.

"பழம்."

மாயா அவரு வெரலத் தொடல. ஏதோ சொல்லுச்சு. நேபாள மொழில. நீளமா, கோவமா, கைய ஆட்டி ஆட்டி.

"என்னங்க சொல்லுது?"ன்னு செங்கமலத்தத் திரும்பிக் கேட்டாரு.

"எனக்கென்னங்க தெரியும். உங்ககிட்டயில்ல சொல்லுது."

வெளிய பஸ்ஸு நின்னுச்சு. ஆள ஏத்துச்சு. கெளம்புச்சு.

மாயா இன்னொருக்காச் சொல்லுச்சு. இந்தத் தடவை மெதுவா.

அவரு திருப்பிச் சொல்லிப் பாத்தாரு. தப்பு.

மாயா இல்லைன்னு தலைய ஆட்டிட்டு, நகந்து கொஞ்சம் கிட்ட வந்து உக்காந்துச்சு.