கரடி தூக்கிப்போட்ட மெல்லிய புத்தகம்

கடித்துக் குதறக் கூடாது என்று சட்டம் போட்டிருந்த ஒரு காட்டில், குகைத் தகராறுகளைச் சதுரங்கம் ஆடித்தான் தீர்த்துக்கொள்வார்கள். மழைக்கு முன்னால் யாரும் யாருடைய குகையையும் கேட்கலாம். கேட்டவர் ஜெயித்தால் குகை கைமாறும். சமனில் முடிந்தால் இருந்தவருக்கே.

அங்கே கரியன் என்றொரு கரடி மனைவியோடும் கண் திறக்காத குட்டிகளோடும் நல்ல குகையில் வாழ்ந்தது. அந்த ஆண்டு அந்தக் குகையை ஒரு கழுதைப்புலி கேட்டது.

"அந்த நொண்டிப் பயலா? வரட்டும்!" என்று கரடி உறுமிவிட்டு, குரங்கின் புத்தகக் கடைக்குப் போனது. பெரிய பெரிய வீரர்களின் ஆட்டங்கள், புதிர்கள் என்று தடித்த புத்தகங்களாகப் பொறுக்கியது.

"அண்ணே, முதலில் இதைப் படியுங்கள்" என்று குரங்கு மெல்லிய புத்தகம் ஒன்றை நீட்டியது. "கடைசியில் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் எப்படி ஆடுவது என்று இருக்கிறது."

"சீ, பச்சைக் குழந்தைப் பாடம்!" வாங்கிய கரடி, வழியில் படுத்திருந்த கழுதைப்புலியின் முன் அதைத் தூக்கிப் போட்டது. "இந்தா, உன் மண்டைக்கு இதுவே அதிகம்."

பிறகு கரடி படித்தது பாருங்கள், பிள்ளைகளே, அப்படி ஒரு படிப்பு! புதிரைப் பார்க்கும், உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்க்கும். "அட, இதைத்தானே நானும் நினைத்தேன்!" என்று தலையாட்டும்.

"பலகையில் காய்களை வைத்து நீங்களே யோசித்துப் பாருங்களேன்" என்றது மனைவி. அதன் குரலில் பயம் இருந்தது.

"உனக்கென்ன தெரியும்? பாதி அலமாரியை முடித்துவிட்டேன்!"

போட்டி நாள் வந்தது. கரடி முதல் நகர்த்தல்களை மடமடவென்று ஆடியது. கழுதைப்புலியோ எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு நகர்த்தல் செய்தது. கரடிக்கு வியர்த்தது. புரட்டிப் பார்க்கப் பக்கம் ஏது? காய்கள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் கழுதைப்புலிக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், கரடிக்கு ராஜா மட்டும் மிஞ்சின.

சிப்பாயின் வழியை மறித்து நின்ற கரடியின் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். நேர் பின்னாலா, கோணலாகவா? கரடி கண்ணை மூடிக்கொண்டு கோணலாக நகர்த்தியது. அடுத்த சில நகர்த்தல்களில் சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்து ராணியானது. ஆட்டம் முடிந்தது.

"நேர் பின்னால் போயிருந்தால் சமன். குகை உங்களுக்கே இருந்திருக்கும்" என்றது கழுதைப்புலி. கிழிந்து நைந்த மெல்லிய புத்தகத்தைக் கரடியின் காலடியில் வைத்தது. "முதல் பக்கத்திலேயே இருக்கிறது."

அன்றே மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் குட்டிகள் நனைந்து கத்தின. "இனி எங்கே போவது?" என்று மனைவி கேட்டது.

பாழாய்ப்போன பழக்கம்! கரடியின் கை, ஊறிப்போன தடித்த புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியது.

நீதி: பிறர் கண்ட விடைக்குத் தலையாட்டுவது படிப்பாகாது.