கீபோர்டில் செருகிய குரல்

சுவாமியின் குரல் பாதியில் அறுந்துபோனது.

மடத்துக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அது. ஒரு வாக்கியம் வந்தது. கீபோர்டின் துளையில் ஒயரால் செருகியிருந்த ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று தட்டியது. பிறகு ஒன்றுமில்லை.

சுவாமிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிப் பேச்சு போயிருந்தது. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் அதுவரை பேசியதெல்லாம் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது. நகல் கிடையாது. நகல் எடுக்கத்தான் சீடர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மூத்த சீடர் ஆவுடையப்பன் சுவாமியிடம் போனார். மடத்தில் அவர் ஒருவர்தான் சுவாமியிடம் நேரே போகலாம். அந்த விதியைப் போட்டவரும் அவர்தான்.

"டிஸ்க் சரியில்லை சாமி. செண்பகவல்லி கை பட்டுக் கெட்டுப்போச்சு."

செண்பகவல்லி, சுவாமியின் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். தலை நரைத்த சிஷ்யை. அவள் கையில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கருவிக்கு மின்சாரம் போதவில்லை என்று திரையே சொன்னது. அதை வாசித்துக் காட்டி, கீபோர்டில் உள்ள துளை மவுஸைத் தாங்கும், சுற்றுகிற டிஸ்கைத் தாங்காது, கம்ப்யூட்டர் பெட்டியிலேயே செருகிவிடலாம் என்றாள். ஆவுடையப்பன் அந்த அறிவிப்பை மூடச் சொன்னார். மறுபடியும் வந்தது. மறுபடியும் மூடச் சொன்னார். பிறகு அவளையே அடுக்களைக்குப் போகச் சொன்னார்.

பெட்டியில் செருகக் கூடாது என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது.

ஆயுத பூஜையன்று சுவாமி தன் கையால் பெட்டியின் முகத்தில் சந்தனம் அப்பினார். அது துளைகளுக்குள் போய்க் காய்ந்துவிட்டது. குரு கை பட்ட சந்தனத்தைச் சுரண்டக் கூடாது. பெட்டியை நகர்த்தினால் உதிரும், ஆகவே நகர்த்தவும் கூடாது. பின்பக்கம் சுவர்.

எனவே எல்லாம் கீபோர்டில். ஒரு துளையில் டிஸ்க். இன்னொன்றில் சுவாமி படத்துக்கு முன்னால் எரிகிற குட்டி விளக்கு.

சுவாமி சிலேட்டை எடுத்து எழுதினார்.

'கீபோர்டுக்கு எங்கிருந்து வருகிறது?'

"பெட்டியிலிருந்துதான் சாமி. ஒரே ஒயர்."

'தனக்குப் போக மிஞ்சியதைத்தானே கொடுக்கும்?'

ஆவுடையப்பன் வேறு டிஸ்க் வாங்கிவிடலாம் என்றார். வேறு டிஸ்கில் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் சுவாமிக்கு நொய்க்கஞ்சி வந்தது. ஒரு தம்ளர். அவரால் அதைக்கூட முழுக்கக் குடிக்க முடியாது. மிச்சத்தில் ஆவுடையப்பன் ஒரு வாய் குடிப்பார். அதற்கும் மிஞ்சியதை வாசலில் நிற்பவர்களுக்கு உத்தரணிக் கரண்டியால் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார். அது வழக்கம்.

அன்று சுவாமி தம்ளரைக் கொடுத்துவிட்டு எழுதினார்.

'மாசானத்துக்குக் கொடு. இன்று அவன் சாப்பாடு இதுதான்.'

மாசானம் மடத்துக்குப் பின்னால் கிணற்றுக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்தவன். ஆவுடையப்பன் போகிற வழியில் தன் பங்காக ஒரு வாய் குடித்துக்கொண்டார். வழக்கத்தை விட முடியுமா?

மாசானம் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"இது யாருக்கு, கோழிக்குஞ்சுக்கா?"

சுவாமி குடித்த மிச்சம், இன்று உனக்கு இதுதான் சாப்பாடு என்றார் ஆவுடையப்பன்.

"சாமி குடிச்ச மிச்சத்துல நீங்க குடிச்ச மிச்சம். தாடியில ஒட்டியிருக்கு, தொடைங்க."

கும்பிட்டுவிட்டுத்தான் குடித்தான். கடப்பாரையைத் தூக்கினான். ஒரு குத்து விழுந்தது. அடுத்தது பாதி. கடப்பாரையைப் பாறையில் சாய்த்துவிட்டான்.

"அடுப்படியில அண்டா நிறையச் சோறு கெடக்கு. நான் அங்கயே போய்க்கிடுதேன் அய்யா."

போய்விட்டான்.

ஆவுடையப்பன் காலித் தம்ளரோடு வெயிலில் நின்றார். பிறகு தாடியைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது சுவாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செண்பகவல்லி. அவளை அவரே கூப்பிட்டிருந்தார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவாமி தன் படத்து விளக்கைக் கீபோர்டிலிருந்து பிடுங்கினார். படம் இருண்டது. டிஸ்க் கொஞ்சம் சுற்றியது. தட்டியது. நின்றது.

இப்படியே தட்டினால் உள்ளே கீறிவிடும், பிறகு கடவுளாலும் எடுக்க முடியாது என்றாள் செண்பகவல்லி.

சுவாமி ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை.

"உங்க கை பட்ட சந்தனம் சாமி."

'குரலும் என்னுடையதுதான்.'

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஆவுடையப்பன் வீடு வாசலை விட்டு வந்தவர். இருந்தும் கை எழவில்லை. அபச்சாரம் என்றார். வேண்டுமானால் செண்பகவல்லி செய்யட்டும் என்றார்.

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள்.

"நான் சொன்னப்ப விரட்டுனீங்க. இப்பப் பாவத்தைச் சுமக்க மட்டும் நான் வேணுமா?"

சுவாமி ஈர்க்கை நீட்டியபடியே இருந்தார். கை தளர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்த்தினார்.

ஆவுடையப்பன் வாங்கினார். குனிந்தார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அள்ளிக் கண்ணில் ஒற்றப் போனார். சுவாமி அதை மேல்துண்டால் தள்ளிவிட்டார்.

செண்பகவல்லி டிஸ்கைப் பெட்டியில் செருகினாள். சுற்றியது. நிற்காமல் சுற்றியது.

பாதிப் பேச்சு போயிருந்தது. தட்டிய தட்டில் கெட்டது கெட்டதுதான். மீதி திறந்தது. டிஸ்கிலிருந்த சுவாமி ஒருமுறை இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த சுவாமி கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலிலிருந்து யாரோ, சரி செய்தது யார் என்று கேட்டார்கள்.

குரு அருள் என்றார் ஆவுடையப்பன். ஈர்க்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சுவாமி கண்ணைத் திறந்தார். சிலேட்டில் எழுதி வாசல் பக்கம் திருப்பினார்.

'ஆவுடையப்பன்.'