மூன்று கட்டுச் சுவடி

வெண்குன்றத்து அரசன் கோச்சேந்தனின் பிறந்தநாளன்று கோயிலில் ஒரு கூத்து நடந்தது. சந்நிதியில் இரண்டு ஓதுவார்கள் ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒரு பதிகம், மற்றவர் வேறொரு பதிகம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் ஏற ஏற, தீபம் காட்டிய குருக்களின் கை பாதியில் நின்றுவிட்டது.

விசாரித்தால் இருவர் மேலும் தப்பில்லை. எந்த நாளில் எந்தப் பதிகம், யார் பாடுவது என்று நாளுக்கொரு வரியாக எழுதிய ஓலைச்சுவடி கோயிலில் ஒன்று, அரண்மனையில் ஒன்று இருந்தது. ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் ஏறவில்லை.

அரசனுக்குக் கோபம் அடங்கவில்லை. "சூரிய சந்திரர் உள்ளவரைக்கும் எந்த நாளில் எதை ஓதுவது என்று எழுதி வையுங்கள். ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் இந்த இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போகட்டும்."

தலைமை எழுத்தர் மருதவாணருக்கு அமைச்சர் இளங்கூத்தனைக் கண்டாலே ஆகாது. "இதற்கு இளங்கூத்தர்தான் சரி, அரசே" என்று கோத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஓதுவார்கள் இளங்கூத்தன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"ஐயா, பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவோம்?"

"எங்கும் போக வேண்டாம். போய்த் தூங்குங்கள். குறட்டையாவது ஒருவர் பின் ஒருவராக விடுங்கள்."

பௌர்ணமி வந்தது. இளங்கூத்தன் மூன்று சிறிய சுவடிக் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு சபைக்கு வந்தான்.

"மிச்சம் வண்டியில் வருகிறதா?" என்றார் மருதவாணர்.

"இவ்வளவுதான். முதல் கட்டில் பதிகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இரண்டாவதில் ஓதுவார்கள், ஆளுக்கொரு முத்திரை. மூன்றாவதில் நட்சத்திரங்களும் திருவிழாக்களும். அவற்றுக்கு நேரே எண்ணும் முத்திரையும் மட்டும். நட்சத்திரம் சுற்றி வரும்போதெல்லாம் அதே ஓலையைப் பார்த்தால் போதும்."

"நட்சத்திரமும் திருவிழாவும் ஒரே நாளில் வந்தால்?" என்றான் அரசன்.

"திருவிழாவுக்கே முதலிடம், அரசே. அதையும் எழுதியிருக்கிறேன்."

"என் பிறந்தநாள்?"

இளங்கூத்தன் மூன்றாவது கட்டில் அரசனின் நட்சத்திரமான ரோகிணியைப் பிரித்தான். ஓர் எண், ஒரு முத்திரை. மற்ற இரண்டு கட்டுகளும் பதிகத்தையும் ஆளையும் காட்டிக்கொடுத்தன. அரசன் முகம் தெளிந்தது.

மருதவாணர் விடவில்லை. "ஓர் ஓதுவார் போய் வேறொருவர் வந்தால்?"

"இரண்டாவது கட்டில் ஓர் ஓலையை மாற்றினால் தீர்ந்தது. மற்ற இரண்டுக்கும் அவர் பெயரே தெரியாது."

"சரி. சூரிய சந்திரர் உள்ளவரைக்கும் என்பதுதானே ஆணை? உமது சுவடி நிற்காமல் சுற்றுகிறது. சூரியனும் சந்திரனும் போன மறுநாளும் ஓதச் சொல்கிறது. ஆணையை மீறிவிட்டீர்."

ஓதுவார்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இளங்கூத்தன் பணிவாகச் சொன்னான். "தப்புத்தான். ஆனால் அன்றைக்கு ஒரே இருட்டாக இருக்குமே. மருதவாணர் வந்து அந்த ஓலையை இருட்டில் படித்துக் காட்டட்டும். அப்போதே அந்த வரியை அடித்துவிடுகிறேன்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கைமோதிரத்தைக் கழற்றி இளங்கூத்தனிடம் கொடுத்தான். ஓதுவார்களை வேலையைப் பார்க்கச் சொன்னான். பிறகு தலைமை எழுத்தர் பக்கம் திரும்பினான்.

"மருதவாணரே, அந்த நாள் வரும்வரைக்கும் இந்த மூன்று கட்டுகளையும் பூச்சி அரிக்காமல் நீரே பார்த்துக்கொள்ளும்."