கவிச்சி போட்ட கையெழுத்து

கடலோரத்தில் ஒரு சின்ன நகராட்சி. பதினெட்டு வார்டு, ஒரு கலங்கரை விளக்கம், கூரை ஒழுகும் பேருந்து நிலையம். அதன் நகர்மன்றக் கூடத்தில் பொருள்கள் பேசிக்கொள்ளும். ஊர் சொல்வதைக் கேட்கும் வேலை அங்கே யாரும் பார்க்காததால், பேச நேரம் நிறையக் கிடைத்தது.

மேசைமேல் மணி. பக்கத்தில் முத்திரை. எதிரே ஒற்றைக்காலில் மைக். அலமாரியில் பதிவேடு. ஜன்னலோரம் ஊதுபத்தி. இவ்வளவுதான் சபை.

வெளியே வாசற்படியில் ஒன்று நிற்கும். அதை உள்ளே விடுவதில்லை. அதன் பெயர் கவிச்சி.

கவிச்சியை உங்களுக்குத் தெரியும். மீன்காரி பேருந்தில் ஏறினால் அவளுக்கு முன்னால் ஏறுவது அதுதான். "பின்னால போம்மா" என்று நடத்துனர் விரட்டுவதும் அதைத்தான். கல்யாண வீட்டில் அதற்குக் கடைசிப் பந்தி. ஆஸ்பத்திரி வரிசையில் அதைச் சுற்றி மூன்றடி இடம் காலியாக இருக்கும்.

கவிச்சி இதற்கெல்லாம் கூசியதில்லை. அது பிறந்த இடம் அப்படி. கடற்கரையில் மூன்று ஏக்கர் மணல். கருவாட்டுக் களம். நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அங்கே நெத்திலியும் சாளையும் காயப்போட்டுப் பிழைத்தார்கள். அந்தக் களத்தில்தான் ஊரில் பாதி வீட்டுக்கு அடுப்பு எரிந்தது.

அந்தக் களத்தை எடுத்துவிட்டு உல்லாச நடைபாதை போடலாம் என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டது. வண்ணக்கல், விளக்குக் கம்பம், 'ஐ லவ்' என்று தொடங்கி ஊர்ப்பெயரில் முடியும் ஆளுயர எழுத்துகள். சாயங்காலம் வந்து நின்று படம் பிடித்துக்கொள்வதற்கு.

சட்டப்படி களத்துக்காரர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அவர்கள் சம்மதம் வேண்டும். கேட்க நாள் குறித்தார்கள். புதன்கிழமை, பகல் பதினோரு மணி. அது கருவாடு புரட்டுகிற நேரம். அந்த நேரத்தில் ஒருத்தியும் களத்தைவிட்டு நகரமாட்டாள் என்று நகர்மன்றத் தலைவர் குணபாலனுக்கு நன்றாகத் தெரியும்.

நகர்ந்தார்கள். அறுபத்தைந்து பேர் புரட்டுவதற்கு நின்றார்கள். நாற்பத்தேழு பேர் கிளம்பினார்கள். கை கழுவ நேரமில்லை. அப்படியே வந்தார்கள். அவர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு கவிச்சியும் முதல்முறையாக வாசற்படி தாண்டியது.

வாசலில் எழுத்தர் ஆவுடையப்பன் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். தாளின் மேற்பகுதி காலியாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டாத்தான் டோக்கன். டோக்கன் இருந்தாத்தான் பேச முடியும்" என்றார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்று முதலில் நின்றவள் கேட்டாள். கித்தேரியம்மாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். களத்தில் கணீரென்ற குரல் அவளுடையதுதான்.

"வந்திய பாத்தியளா, அதுக்கு அடையாளம். வேற ஒண்ணுமில்ல."

போட்டாள். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை வைத்தார்கள். நாற்பத்தேழு கை பட்ட தாளில் கவிச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"எழுந்திரு" என்று பதிவேடு சீறியது. "நான் அரசாங்கத் தாள்."

"நானும் இந்த ஊர்க்காரிதான்" என்றது கவிச்சி. "உட்கார ஓர் இடம் கொடுத்தார்கள், உட்கார்ந்தேன்."

உள்ளே தலைவர் மூக்கைச் சுளித்தார். ஊதுபத்தியைக் கொளுத்தச் சொன்னார். ஊதுபத்தி நெஞ்சை நிமிர்த்திப் புகைந்தது. "இரு, உன்னை ஒரு கை பார்க்கிறேன்" என்று கவிச்சியிடம் சவால் விட்டது. அரைமணி நேரத்தில் சாம்பலானது. பாவம்.

கித்தேரியம்மாள் மைக்கின் முன்னால் நின்றாள்.

"தலைவரே, மழை மூணு மாசம், புயல் ஒரு மாசம். மிச்சம் இருக்கிற எட்டு மாச வெயில்லதான் எங்க பொழப்பு. அந்த மணல் சும்மா கெடக்கிற மணல் இல்ல. காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் பாத்து எங்க ஆத்தாமாரு..."

"ரெண்டு நிமிஷம்! ரெண்டு நிமிஷம்!" என்று மணி கத்தியது.

மைக்கை அணைத்தார்கள். அப்படியே ஒவ்வொருத்தியாக நாற்பத்தேழு பேரையும் மணி உட்கார வைத்தது. "மக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன" என்று குறிப்பில் ஒரே வரி எழுதினார்கள். முடிந்தது கூட்டம்.

எல்லோரும் போன பிறகு மைக் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நன்றாகத்தான் பேசினார்கள்" என்றது. "ஆனால் என்னிடம் எதுவும் தங்காது. வாங்குவேன், வெளியே விடுவேன். அவ்வளவுதான் நான்."

"எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை" என்றது கவிச்சி. "போ என்றாலும் போகமாட்டேன்."

அப்போது ஆவுடையப்பன் வந்தார். பேனாவைத் திறந்தார். தாளின் மேற்பகுதியில் காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினார்: 'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், கருவாட்டுக் களத்தை நடைபாதைக்கு விட்டுக்கொடுக்க முழுமனதுடன் சம்மதிக்கிறோம்.'

பதிவேட்டுக்கு உடம்பு கூசியது. "கீழே இருப்பது வேறு, மேலே எழுதுவது வேறாக இருக்கிறதே" என்று முணுமுணுத்தது.

"நீ ஏன் படிக்கிறாய்?" என்றது முத்திரை. "நான் படிப்பதே இல்லை. தூக்குவார்கள், விழுவேன். இருபத்தாறு வருஷமாக எனக்கு ஒரு தலைவலி கிடையாது."

தூக்கினார்கள். விழுந்தது.

பதிவேட்டிலிருந்து பிரித்த தாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனது. கவிச்சியும் கூடவே போனது. அங்கே இரும்பு அலமாரியில் ஆயிரம் கோப்புகள். ஒன்றுகூட ஓர் இரவும் கண்ணயரவில்லை.

"யாரது, செத்துப்போன வாடை?" என்றது ஒரு நிலக் கோப்பு.

"செத்ததில்லை. காய்ந்தது" என்றது கவிச்சி. "காய்ந்தால் கெடாது. உனக்கு வித்தியாசம் தெரியாது."

அந்துருண்டை போட்டுப் பார்த்தார்கள். வாசனைத் தைலம் தெளித்துப் பார்த்தார்கள். தைலமும் கருவாடும் சேர்ந்து அடித்ததில் பக்கத்துப் பிரிவில் இரண்டு பேர் விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல், மேலே ஒரு சீட்டைக் குத்தித் திருப்பி அனுப்பினார்: 'தாங்க முடியாத வாடை. புதிய தாளில் களத்துப் பெண்கள் அனைவரின் கையொப்பத்துடன் மீண்டும் அனுப்பவும்.'

நியாயம் பார்த்துத் திருப்பினார் என்று நினைக்காதீர்கள். மூக்கால் திருப்பினார். ஆனாலும் திரும்பியது.

மறுநாள் காலை ஆவுடையப்பன் ஒரு வெள்ளைத் தாளோடு களத்துக்கு வந்தார். இந்தமுறை மேலே எழுதவேண்டியதை முதலிலேயே தட்டச்சு செய்துவிட்டார்கள். அந்தப் பகுதியை அவர் பின்பக்கமாக மடித்து வைத்திருந்தார்.

"ஏ அக்கா, இன்னொரு வாட்டி ஒரு கையெழுத்து. எல்லாரும் போடணும்."

"அன்னைக்குத்தான போட்டோம் அண்ணாச்சி?"

"அதுல கவிச்சி அடிக்குதாம். மேலிடத்துல திருப்பிட்டாங்க."

களத்தில் ஒரே சிரிப்பு. கித்தேரியம்மாளின் அண்ணன் மனைவி மிக்கேலம்மாள் சொன்னாள்: "அண்ணாச்சிக்கு மல்லிப்பூ காயப்போடுறவ கையெழுத்து வேணும்போல. வேற ஊருக்குப் போவும்!"

கித்தேரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, நாங்க வந்தோம்ங்கிறதுக்குத்தான கையெழுத்துப் போட்டோம்? வந்தது இந்த ஊர்ல. பேசுனது இந்த ஊர்ல. அந்தக் கையெழுத்துக்கு மேலிடத்துல என்ன சோலி?"

ஆவுடையப்பன் மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

அவள் தாளை வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். எழுத்துக்கூட்டி, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'முழுமனதுடன்' என்ற இடத்தில் ஒருமுறை நின்றாள். மறுபடி படித்தாள்.

"கிழிச்சுப் போடு கித்தேரி!" என்று மிக்கேலம்மாள் கத்தினாள். "கிழிச்சு இந்த ஆளு வாயில திணி!"

"கிழிச்சா அவங்களுக்கு நல்லது மைனி. தாள் வரவே இல்லைம்பாங்க. பேனாவைக் குடும் அண்ணாச்சி."

"அக்கா, நான் சொன்னதைச் செய்யிறவன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

"எங்களுக்கு மட்டும் என்ன இருக்காம்? பேனாவைக் குடும்."

கொடுத்தார்.

அச்சடித்த வரிக்குக் கீழே அவள் எழுதினாள். 'இது பொய். நாங்கள் பேச வந்ததற்குக் கையெழுத்துப் போட்டோம். களத்தைத் தரமாட்டோம்.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது. தெளிவாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். ஆவுடையப்பன் கையை நீட்டினார்.

"பொறும்" என்றாள் கித்தேரியம்மாள். "இன்னும் பக்குவம் வரல."

தாளைக் கொண்டுபோய் ஓலைப்பாயில் விரித்தாள். மேலே ஒரு கூடை நெத்திலியைக் கொட்டிப் பரப்பினாள். ஒரு பகல் முழுக்க வெயிலில் தாள் நெத்திலிக்கு அடியில் கிடந்தது. ஆவுடையப்பனும் பனைமரத்து நிழலில் கிடந்தார். மத்தியானம் அவருக்குச் சோறும் சாளைக் குழம்பும் கொடுத்தார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதையும் சொல்லவேண்டும் அல்லவா.

வெயில் சாய்ந்தபோது தாள் மஞ்சளாக, எண்ணெய் இறங்கி, மொறமொறவென்று இருந்தது. வெள்ளைத் தாளாக வந்தபோது அதற்கு இருந்த மிடுக்கு போயிருந்தது. வேறொரு மிடுக்கு வந்திருந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று கவிச்சி கேட்டது.

"உறுதியாக இருக்கிறது" என்றது தாள்.

அடுத்த நகர்மன்றக் கூட்டம். பொதுமக்கள் பகுதியில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அன்று யாரும் புரட்டுவதற்கு நிற்கவில்லை. ஒருநாள் மீன் போனால் போகட்டும் என்று வந்துவிட்டார்கள். ஜன்னலோரம் ஒரு கட்டு ஊதுபத்தி வைத்திருந்தார்கள். கொளுத்தியும் அது புகையவில்லை. "என்னால் ஆகாது. எனக்கு என் மானம் முக்கியம்" என்று சொல்லிவிட்டது.

கித்தேரியம்மாள் தாளை மேசைமேல் வைத்தாள். விதிப்படி அதை மைக்கில் வாசிக்கவேண்டும். ஆவுடையப்பன் வாசித்தார். முதலில் அச்சு வரி. பிறகு கித்தேரியம்மாளின் வரி. பிறகு பெயர்கள். பத்துப் பெயர் தாண்டியதும் தலைவர் மணியைப் பார்த்தார். மணியைத் தட்டினார். மணி நாக்கை இழுத்துக்கொண்டது. டொக் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மைக் அன்று ஒரு பெயரைக்கூட விழுங்கவில்லை. சாலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நூற்றுப் பன்னிரண்டு பெயர். தேநீர்க் கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

தலைவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"இந்தத் தாள் செல்லாது. வாடை அடிக்குது. சுத்தமான தாள்ல வாங்கிட்டு வாங்க."

ஒன்பதாம் வார்டு உறுப்பினர் ஜெயசீலி எழுந்தாள். பேசுவதற்காக அவள் எழுந்தது அந்த ஆண்டில் அதுதான் முதல் தடவை.

"வாங்கலாம் தலைவரே. அதுக்கும் களத்துக்குத்தான் போகணும். அவங்க அதையும் பாயில போடுவாங்க. நீங்க மறுபடியும் திருப்புவீங்க. தாள் தீந்துரும் தலைவரே. நெத்திலி தீராது."

பொதுமக்கள் பகுதியில் சிரிப்பு எழுந்தது. உறுப்பினர்கள் பக்கத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். களம் களமாகவே இருக்கட்டும் என்று சிரித்தவர்கள் முதலில் கை தூக்கினார்கள். தூக்காதவர்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் தெரிந்த முகம் ஒன்று அங்கே இருந்தது. அத்தை, சின்னம்மா, கூடப் படித்தவள். பதினேழு கை. கடைசியில், வேறு வழியில்லாமல், குணபாலனுடையதும்.

நடைபாதைத் தீர்மானம் ரத்து.

முத்திரையைத் தூக்கினார்கள். அது பாதி வழியில் தயங்கியது. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கீழே பார்த்தது. படித்தது.

"என்ன, தலை வலிக்கிறதா?" என்றது கவிச்சி.

"கொஞ்சம்" என்றது முத்திரை. "பரவாயில்லை."

நன்றாக அழுந்தி விழுந்தது.

அந்தத் தாள் இன்றும் அலமாரியில் இருக்கிறது. அதோடு ஒட்டிய கோப்புகளிலும் அந்த வாடை ஏறிவிட்டது. எதைத் திறந்தாலும் லேசாகக் கவிச்சி அடிக்கும். மாற்றலாகி வரும் அதிகாரிகள் முதல்நாள் மூக்கைப் பொத்துவார்கள். ஊர்க்காரர் எவரும் பொத்துவதில்லை.

கவிச்சி இப்போது வாசற்படியில் நிற்பதில்லை. உள்ளே, முன்வரிசையில், மூன்றடி இடம் எடுத்து உட்கார்ந்திருக்கிறது.